பென்னலூர்த் தொட்டியில் பன்னிரண்டு மீன்கள்

மகளுக்கு வேலை கிடைத்த சேதியைச் சங்கரன்கோவிலில் தெரு முழுக்கச் சொல்லி முடித்த மாரிசெல்வியின் அப்பா, என்ன வேலை என்று கேட்டவர்களிடம் மட்டும், "மெட்ராஸ் பக்கம், கம்பெனில" என்று பேச்சை முறித்துக்கொண்டார். வேதியியலில் பட்டம் வாங்கிய பெண் தினமும் காலையில் ஒரு தொட்டிக்குள் கிடக்கிற மீன்களை எண்ணி நோட்டில் எழுதுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கே முதல் வாரம் அது விளங்கவில்லை.

அது 2004 ஜூன் மாதம். அதற்கு முந்தைய கோடையில் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் பஸ்ஸைவிடத் தண்ணி லாரிகள்தான் அதிகம் ஓடின. பென்னலூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. அவற்றில் வேலை பார்க்கத் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகளுக்காக விடுதிகளும் எழும்பின. ஒரு விடுதிக்கு அறுபது பேர், எழுபது பேர். அத்தனை பேரும் லாரித் தண்ணீரில் குளித்தார்கள், துவைத்தார்கள். கழிந்த தண்ணீர் ரோட்டோரம் பச்சையாய்த் தேங்கிக் கொசு வளர்த்தது. ஊர்க்காரர்களோ குடத்தோடு லாரிக்காக நின்றார்கள். ஒரு பக்கம் தண்ணீர் இல்லை, இன்னொரு பக்கம் தண்ணீரால் தொல்லை.

இரண்டு மூன்று கம்பெனிகளும் ஊராட்சியும் விடுதிக்காரர்களும் மகளிர் குழுவும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்ததற்கு அதுதான் காரணம். ஒரு தொண்டு நிறுவனம் வரைபடம் போட்டுக் கொடுத்தது. விடுதிகளின் குளியலறை, அடுப்படிக் கழுநீரும் கம்பெனி கேண்டீன் கழுநீரும் குழாய் வழியே ஊர்க் கோடிக்கு வரும். அங்கே ஜல்லி நிரப்பி நாணல் நட்ட நான்கு படுகைகளில் மெல்ல ஊறி, மறுமுனையில் தெளிந்து விழும். அது சாலையோர மரங்களுக்கும், மகளிர் குழு வளர்க்கிற தீவனப் புல்லுக்கும் போகும். இங்கே சரியாக வந்தால் அடுத்தது சேரப்பணஞ்சேரி, அதற்கடுத்தது படப்பையின் புது மனைகள். இப்படியே போனால் இந்த வட்டாரம் முழுவதும் பசுமை நகரமாகிவிடும் என்று அச்சடித்த புத்தகத்தில் போட்டிருந்தது. மாரிசெல்வி அதை மூன்று முறை படித்தாள். ஒவ்வொரு வாக்கியமும் புரிந்தது. மொத்தமாகப் பார்த்தால் இதில் தான் யார் என்பது மட்டும் புரியவில்லை.

திட்டத்தைக் கவனித்துக்கொண்ட சங்கரநாராயணன் நல்ல மனிதர், கொஞ்சம் வேகமாகப் பேசுவார். "நீங்கதான் தண்ணீர்த் தர உதவியாளர். காலையில மாதிரி எடுங்க, சோதனை பண்ணுங்க, எழுதுங்க. அப்புறம் தொட்டியில மீன் பன்னிரண்டு இருக்கான்னு பாருங்க" என்றார்.

"மீன் எதுக்கு சார்?"

"தண்ணி சுத்தம்னு ஊர்க்காரங்களுக்கு எப்படிக் காட்டுறது? உங்க நம்பரைக் காட்டினா புரியுமா? மீன் உயிரோட நீந்தினா யாருக்கும் புரியும்."

சுத்தமான தண்ணீர் விழுகிற இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் பன்னிரண்டு ஜிலேபி மீன்கள். மூடி கிடையாது, போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்க வசதியாகத் திறந்தே இருந்தது. வந்தவர்கள் மீனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மாரிசெல்வியின் குடுவைகளை யாரும் பார்க்கவில்லை.

பார்த்த ஒரே ஆள் மஞ்சுளா. மகளிர் குழுத் தலைவி, நாற்பது வயதிருக்கும். புல் அறுத்த கதிர் அரிவாளோடு ஒருநாள் சோதனை அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா பொண்ணு, நீதான் தண்ணிய சோதிக்க வந்தவளா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?"

"பதினெட்டு வந்திருக்குக்கா. முப்பதுக்குக் கீழ இருந்தாப் போதும்."

"பதினெட்டுன்னா? வயசா?"

மாரிசெல்வி சிரித்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். "தண்ணில கெடக்க அழுக்கைக் கிருமி திங்கும்லா, அதுக்கு எம்புட்டுக் காத்து வேணும்னு ஒரு அளவு. இன்னைக்குப் பிடிச்ச தண்ணிய பாட்டில்ல அடைச்சு அந்தச் சூடு மாறாத பெட்டிக்குள்ள வச்சா, மூணு நாள் கழிச்சுத் தெரியும்."

"மூணு நாளா?" மஞ்சுளா அரிவாளை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னிக்கு வுட்ட தண்ணிய என் புல்லு இன்னிக்கே குடிச்சுடுமே. சோத்தத் துன்னு முடிச்சு மூணு நாள் கழிச்சு, ஊசிப்போன சோறுன்னு சொல்ற மாதிரி கீது உன் சங்கதி."

அவள் போன பிறகு மாரிசெல்வி வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இதே சோதனையை எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அந்தத் தண்ணீரை யாராவது எங்காவது பயன்படுத்துவார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மீன் சமாச்சாரம் ஜூலை மாதம் ஆரம்பித்தது. தினமும் எண்ணி எண்ணி மீன்களுக்கு அடையாளம் பழகிவிட்டிருந்தது. ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கும். ஒன்றுக்குச் செவுளருகே கறுப்புப் புள்ளி. ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணினாள், பன்னிரண்டு. ஆனால் வால் கிழிந்ததைக் காணோம். மறுபடி எண்ணினாள், பன்னிரண்டு. அடுத்த வாரம் கறுப்புப் புள்ளி இல்லை. அதற்குப் பதில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குட்டி திரிந்தது. குஞ்சு பொரித்திருக்குமோ? பொரித்தால் ஒன்றே ஒன்றா பொரிக்கும்? வால் கிழிந்தது முளைத்துக்கொண்டதா? வால் முளைக்குமா?

விடுதியில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் வேல்விழி, விளாத்திகுளத்துக்காரி, வயரிங் லைனில் வேலை. அவளிடம் சொன்னபோது, "ஏட்டி, நான் ஒரு நாளைக்கு எண்ணூறு வயரைப் பாக்கேன். சாயங்காலம் எல்லாம் ஒரே கலராத் தெரியும். நீ போய்க் கண்ணைக் காட்டு" என்றாள்.

கண் டாக்டரிடம்கூடப் போய்வந்தாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் மீன்களை வரைய ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் குறித்தாள். ஆகஸ்ட் முடிவதற்குள் முதலில் இருந்த பன்னிரண்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. தொட்டியில் எப்போது எண்ணினாலும் பன்னிரண்டு. யாரோ மாற்றுகிறார்கள். எதற்கு மாற்றுவார்கள்? செத்துப்போவதால். எதனால் சாகும்? தண்ணீர் கெட்டிருந்தால். ஆனால் அவள் சோதனையில் பதினெட்டு, இருபது, பதினாறு என்றுதான் வந்தது. அப்படியானால் அவள் சோதனை தப்பா? கையால் கலக்கிக் கண்ணால் பார்த்துச் செய்த சோதனை. அதை நம்பாமல் எதை நம்புவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவளுக்கு.

மெல்லச் சங்கரநாராயணனிடம் பேச்சுக் கொடுத்தாள். "சார், தொட்டிக்கு மீன் வாங்கிப் போடுதோமா?"

"ஏன், குறையுதா?"

"இல்ல சார். பன்னிரண்டு இருக்கு."

"அப்புறம் என்ன?" அவர் காகிதங்களிலிருந்து நிமிரவில்லை. "மீன் பார்க்க வர்றவங்களுக்கு. சோதனை நமக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அந்தப் பதிலில் அவள் இன்னும் குழம்பினாள். இவருக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா?

செப்டம்பரில் மஞ்சுளா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கூடவே குழுப் பெண்கள் நாலு பேர். புல்லுப் பாத்திக்குப் பக்கத்தில் கிடக்கிற அரை ஏக்கரில் கீரை போட ஆசைப்படுகிறார்கள். அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி. விடுதி மெஸ்களிலேயே கேட்டு வைத்தாயிற்று. "பலராமன் மொதலாளியே தெனம் முப்பது கட்டு எடுத்துக்கறேன்னாரு. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கே வெதச்சிடறோம். கமிட்டில உன்னத்தான் கேப்பாங்களாம்."

பலராமன் விடுதிக்காரர் சங்கத் தலைவர். மாரிசெல்வி தங்கியிருந்ததும் அவருடைய விடுதியில்தான். அப்படியானால் இந்தத் தண்ணீரில் வளர்கிற கீரை நேராக அவள் தட்டுக்கே வரும். வேல்விழி தட்டுக்கும் மற்ற அறுபது பெண்கள் தட்டுக்கும் வரும். புல்லை மாடு தின்கிறது என்றபோது வராத பயம் இப்போது வந்தது. சரி என்று சொல்லவும் நா எழவில்லை. இந்தப் பெண்கள் வெயிலில் நின்று கல் பொறுக்கிச் சீர் பண்ணிய நிலத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. கையிலிருந்த விதிமுறைப் புத்தகத்தில் மரத்துக்கு விடலாம், புல்லுக்கு விடலாம் என்று இருந்தது. சமைத்துத் தின்கிற கீரைக்கு ஒரு பக்கம் ஒருமாதிரியும், பச்சையாய் மேலே தூவுகிற கொத்தமல்லிக்கு இன்னொரு பக்கம் வேறுமாதிரியும் இருந்தது. கீரையில் ஒட்டக்கூடிய நோய்க்கிருமியைச் சோதிக்க அவளிடம் கருவியும் கிடையாது.

மாதக் கடைசியில் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டுக் குழு கூடியது. கம்பெனி ஆட்கள் மூன்று பேர், பலராமன், மஞ்சுளாவின் குழு, சங்கரநாராயணன், மூலையில் பம்பு ஓட்டுகிற பாபு. பாபு பென்னலூர்க்காரன், முப்பது வயது, மஞ்சுளாவின் கொழுந்தன். குழாய் வால்வுகளெல்லாம் அவன் பொறுப்பு. அதிகம் பேசாதவன்.

கீரை விஷயம் வந்தது. எல்லோரும் மாரிசெல்வியைப் பார்த்தார்கள். எழுந்து நின்றாள். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"எனக்குத் தெரியல" என்றாள்.

பலராமன் காது கேட்காதவர் போல் முன்னால் சாய்ந்தார். "இன்னாமா தெரியல? படிச்ச பொண்ணு நீ."

"சோதனைல நல்லாத்தான் வருது. ஆனா தொட்டில இருக்க மீனு அதே மீனு இல்ல. யாரோ மாத்துதாங்க. மொதல்ல இருந்த பன்னெண்டும் மாறியிருக்கு. நான் படம் வரஞ்சு வச்சிருக்கேன்." நோட்டைத் திறந்து காட்டினாள்.

அறையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று ஒரு குரல், கம்பெனிக் கழிவைக் குழாயில் கலக்கிறார்கள் என்று இன்னொரு குரல். கம்பெனி ஆட்கள் முகம் சுருங்கினார்கள். சங்கரநாராயணன், "முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். சொல்லத்தானே போனேன் என்று நினைத்தாள். அப்படிச் சொன்னோமா என்றும் சந்தேகம் வந்தது. மஞ்சுளா அவளைப் பார்த்தபடியே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

மாரிசெல்வி பஸ் நிறுத்தம் வரை நடந்தபோது பின்னால் சைக்கிள் சத்தம். பாபு.

"மேடம், நில்லுங்க. நான்தான்."

"என்னது நீங்கதான்?"

"மீன மாத்தினது." சைக்கிளை விட்டு இறங்கித் தலையைக் குனிந்துகொண்டான். "ஏரில புடிச்சாந்து போடுவேன். காலைல அஞ்சு மணிக்கு வந்தா சில நாளு ஒண்ணு கொறையும், ஒரு நாளு ரெண்டு கொறையும். நீங்க எட்டுக்குத்தான வர்றீங்க. அதுக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க? சார் சொன்னாரா?"

"அய்ய, அவருக்கு ஒண்ணும் தெரியாது. மீனு செத்துச்சுன்னா தண்ணி கெட்டதுன்னு மூடிடுவாங்க. அண்ணிங்க பதினஞ்சு பேரு அந்தப் புல்ல நம்பிக்கினு கீறாங்க. நான் கமுக்கமா போட்டு வச்சேன்."

மாரிசெல்விக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் வேறொன்று மண்டையில் உறைத்தது. "செத்த மீனை என்ன பண்ணுனீங்க?"

"செத்த மீனா?" பாபு யோசித்தான். "செத்து மெதந்து நான் ஒண்ணும் பாக்கலியே. கொறையும், அவ்ளோதான்."

"மிதக்கலன்னா எங்கன போச்சு?"

இருவரும் சாலையோரத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதமாக அவன் ஒரு பக்கம் பயந்தான், அவள் ஒரு பக்கம் பயந்தாள். இந்த ஒரு கேள்வியை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியற்காலை பம்பு அறை ஜன்னல் வழியே காத்திருந்தார்கள். வெளிச்சம் பரவுகிற நேரத்தில் நாணல் படுகையிலிருந்து பழுப்புக் கொக்கு ஒன்று எழும்பி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தது. அது நெடுநேரம் அசையவேயில்லை. பிறகு ஒரே கொத்து. வாயில் மீன் துள்ளியது. விழுங்கிவிட்டு அலகைச் சிமெண்டில் தேய்த்துக்கொண்டு பறந்து போனது.

"அடப்பாவி!" என்றான் பாபு. சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. மாரிசெல்வியும் சிரித்தாள். இந்தக் கோடிப் பக்கம் முன்பெல்லாம் கொக்கே வராதாம். நாணல் வளர்ந்த பிறகுதான் வந்ததாம். அப்படியானால் திட்டம் நன்றாக நடப்பதால்தான் மீன் குறைந்திருக்கிறது! சொல்லச் சொல்ல வேடிக்கையாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் போகும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. ஏரியிலிருந்து வந்த மீன் இரண்டு வாரத்துக்கு மேல் தொட்டியில் இருந்ததில்லை. அதற்குள் கொக்கு தின்றுவிடுகிறது. அந்தத் தண்ணீரில் அது தொடர்ந்து பிழைத்திருக்குமா, செத்திருக்குமா? இதுவரை எழுதிய எந்தப் பன்னிரண்டும் எதையும் சொல்லவில்லையே.

தொட்டிக்குக் கோழி வலை போட்டு மூடினார்கள். நடந்ததைச் சங்கரநாராயணனிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். "கமிட்டிக்கு என்னன்னு எழுதட்டும்? கொக்கு தின்னுடுச்சுன்னா?" பிறகு அப்படியேதான் எழுதினார். ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர், கம்பெனிக்காரன் கொக்கு மேலே பழி போடுகிறான் என்றார்கள். மஞ்சுளா பாபுவோடு ஒரு மாதம் பேசவில்லை. "எனக்காக செஞ்சானாம். என்னக் கேட்டானா?" என்று மட்டும் மாரிசெல்வியிடம் சொன்னாள்.

அக்டோபரில் மூன்று வாரத்துக்கும் மேல் வலைக்குள் அதே பன்னிரண்டு மீன்கள் நீந்தின. மாரிசெல்வி ஒவ்வொன்றையும் முகம் பார்த்து எண்ணினாள். மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. மாதம் முடிகிற ஒரு புதன்கிழமை போனபோது இரண்டு மீன் வயிறு வெளுத்து மிதந்தன. மறுநாள் மூன்று. கொக்கு இல்லை, மனிதக் கை இல்லை; இந்தத் தடவை தண்ணீர்தான். பாட்டில்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அந்த மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவு நாற்பத்தாறு என்று வந்தது.

"புல்லுக்கு வுடறத நிறுத்து" என்றாள் மஞ்சுளா பாபுவிடம். அன்றைக்குத்தான் அவனோடு மறுபடி பேசினாள்.

என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாரிசெல்வியும் பாபுவும் குழாய் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். ஒவ்வொரு சாக்கடை மூடியாகத் திறந்து பார்த்தார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். அவள் கையில் ஒரு வாளியும் கயிறும். கம்பெனி கேண்டீன் குழாயில் வழக்கமான எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான். கம்பெனியின் தொழிற்சாலைக் கழிவு இதில் சேரவே இல்லை என்று அன்றைக்குத்தான் அவள் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டாள். விடுதித் தெருவுக்குள் திரும்பியதும் ஒரு மூடிக்கடியில் வெள்ளைத் திட்டுகளாய் ஏதோ படிந்து, மூக்கைக் குத்துகிற பினாயில் வாடை அடித்தது.

"இது எந்த விடுதிக் குழாய்ண்ணே?"

"மூணு விடுதியும் இங்கதான் சேருது. உங்களுதும்தான்."

மாரிசெல்வி அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆயுத பூஜை! பூஜைக்கு முந்தின நாள் பலராமன் விடுதி முழுக்கக் கழுவச் சொல்லி அறைக்கு ஒரு பாட்டில் ஆசிட்டும் ஒரு பாட்டில் பினாயிலும் கொடுத்தனுப்பினார். அவளும் வேல்விழியும் போட்டி போட்டுக்கொண்டு குளியலறையைத் தேய்த்தார்கள். மிச்சமிருந்ததை வீணாக்குவானேன் என்று முழுதையும் கவிழ்த்தது அவள் கைதான். ரசாயனம் படித்தவள். படுகையில் கிருமிகள்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன என்று மஞ்சுளாவுக்குப் பாடம் சொன்னவள். குளியலறை ஓட்டைக்கும் நாணல் படுகைக்கும் நடுவே ஒரு குழாய் ஓடுகிறது என்பது அந்த நேரத்தில் அவள் நினைவில் இல்லவே இல்லை. ஊற்றியது படுகையில் ஊறி, கிருமிகளைக் கொன்று, வெளியே வர ஐந்து நாள். சோதனையில் தெரிய இன்னும் மூன்று நாள்.

பலராமனிடம் இருவரும் போனார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "ஆசிட் ஊத்தாம எப்படிமா பாத்ரூம் கழுவறது? லாரித் தண்ணி உப்புக் கறை, துடப்பத்துல தேச்சா போவுமா? சுத்தமா வச்சுக்கணும்னுதான கொடுத்தேன்."

கறை போக எலுமிச்சைத் தோலும் சோடா உப்பும் போதும் என்று சொன்னாள். சொல்லும்போதே, அறுபது பேர் குளிக்கிற இடத்துக்கு அது போதுமா என்று அவளுக்கே உறுதியில்லை. ஆனாலும் ஒன்று செய்தார் பலராமன். பெரிய கழுவல் நடக்கிற நாளை முன்கூட்டியே பாபுவிடம் சொல்லிவிடுவதாகவும், அன்றைக்குக் குழாயை அடைத்துத் தண்ணீரைத் தனிக் குழியில் விடலாம் என்றும் அவராகவே சொன்னார். மற்ற விடுதிக்காரர்களையும் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் மாரிசெல்வி எழுந்து தன் அறையில் தானே ஊற்றியதைச் சொன்னாள். யாரும் திட்டவில்லை. ஒரு கம்பெனிக்காரர் தன் வீட்டிலும் அப்படித்தான் ஊற்றுவார்கள் என்றார். பிறகு அவள் ஒரு கரும்பலகை வேண்டும் என்று கேட்டாள். தண்ணீர் விழுகிற இடத்தில் மாட்டி, மூன்று நாள் முந்தைய சோதனை முடிவையும் மீன்களையும் பார்த்துத் தினமும் எழுதலாம்: இன்று புல்லுக்கு விடலாம், இன்று மரத்துக்கு மட்டும், இன்று தெரியாது.

"தெரியாதுன்னா போர்டுல எழுதுவாங்க?" சங்கரநாராயணனுக்கு மனசே இல்லை. "பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"எய்தட்டும் சார்" என்றாள் மஞ்சுளா. "தெரியாத அன்னிக்கு நாங்க கெணத்துத் தண்ணிய எறச்சுக்கறோம்."

கீரைக்கு மாரிசெல்வி கடைசிவரை சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்பதைச் சொல்லவே நாலு நாள் எடுத்துக்கொண்டாள். மஞ்சுளா அரை மணி நேரம் வாதாடினாள், கோபித்துக்கொண்டு போனாள், பிறகு தையில் அந்த அரை ஏக்கரில் சாமந்தியும் கனகாம்பரமும் நட்டாள். காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம்தான் பூ வாங்கினார்கள். கீரை என்றால் இன்னும் நன்றாக ஓடியிருக்கும் என்று அவள் எப்போதும் சொல்லுவாள். இருக்கலாம். தான் சொன்னது சரியா, வீண் பயமா என்று மாரிசெல்விக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

பிப்ரவரியில் பெரிய அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். அன்றைக்கென்று பலகையில் "இன்று தெரியாது" என்று இருந்தது; முந்தின நாள் மின்சாரம் போய்ப் பெட்டி சூடு தவறிவிட்டது. சங்கரநாராயணன் வியர்த்துப்போனார். வந்தவர்களில் ஒருவர் பலகையை வெகுநேரம் படித்தார். புகைப்படம் எடுத்துக்கொண்டார். பாராட்டினாரா, குறை எழுதிக்கொண்டாரா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஏப்ரலில் சேரப்பணஞ்சேரிக்கு அனுமதி வந்தது, நினைத்ததில் பாதி அளவுக்கு. படப்பைத் திட்டம் தள்ளிப்போயிற்று. மனை விலை ஏறிவிட்டது, படுகை போட நிலம் கொடுக்க ஆளில்லை. சங்கரநாராயணனைக் கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்த வட்டாரம் அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டாக நின்றது.

மாரிசெல்விக்குச் சேரப்பணஞ்சேரியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. வாரத்தில் மூன்று நாள் ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள். அங்கே விடுதிகள் கிடையாது, வீடுகள்தான். முதல் வேலையாக வீடு வீடாகப் போய் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டு எழுதினாள். சில வீடுகளில் அவர்களுக்கே தெரியவில்லை. சேர்ந்து தோண்டிப் பார்த்தார்கள்.

2005 அக்டோபரில் ஒரு நாள், மழை தொடங்குவதற்குச் சற்று முன், படப்பையில் ஆட்டோ ஆள் சேர்வதற்காக நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். லூர்தம்மாள் என்று பெயர். மகன் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், இங்கே மனை வாங்கப் பார்க்கிறார்கள்.

"நீதான அந்தத் தண்ணி டீச்சரு? அந்தா அந்த மஞ்சக் கல்லு நட்டுக்கீது பாரு, அத்தாம்மா மனை. மழ வந்தா அங்க தண்ணி நிக்குமா? புரோக்கரு நிக்காதுன்றான். பக்கத்து வூட்டுக்காரன் முட்டி வரைக்கும் நிக்குன்றான். நீயே சொல்லு, இன்னா பண்றது?"

மாரிசெல்வி எட்டிப் பார்த்தாள். சமமான வெட்டவெளி, வரிசையாகக் கற்கள், நடுவே புதிதாகக் கொட்டிய செம்மண். எந்தப் பக்கம் சரிவு என்றே தெரியவில்லை. ஆட்டோக்காரன் கடைசி ஆள் ஏறியாகிவிட்டது என்று குரல் கொடுத்தான்.

"எனக்கும் தெரியலம்மா" என்றாள். "வாங்க, இறங்கிப் பாப்போம்."

இருவரும் இறங்கினார்கள். ஆட்டோ அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. லூர்தம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். மாரிசெல்வி பின்னால் போனாள். முதல் கல்லுக்குப் போவதற்குள் ஈரச் செம்மண் செருப்பில் ஒட்டிக் கனத்தது; தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.